கார் இன்சூரன்ஸ் கம்பெனியை எதை வைத்து நம்புவது? புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கு

லைசென்ஸ் எடுத்து, வீட்டில் ஒரு காரும் வந்துவிட்டால் இன்சூரன்ஸைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. ஷோரூமில் ஒரு தாளை நீட்டுவார்கள், கையெழுத்துப் போடுவோம். பழைய வண்டி என்றால் தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு தொகையை அனுப்புவார், நாம் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு எது குறைவோ அதைக் கட்டிவிடுவோம். என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிற தம்பி தங்கைகள் எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பணம் கட்டுகிற அன்றைக்கு எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதான், வண்டி இடிபட்ட பிறகு அவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதுதான் விஷயம், அதை இடிபடுவதற்கு முன்பே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த விசாரணையை எங்கே, எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையை முடித்துவிடுவோம். இந்தியாவில் கார் இன்சூரன்ஸ் இரண்டு துண்டு. ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி இது கட்டாயம், இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. இன்னொன்று ஓன் டேமேஜ், நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கு. இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபுல் கவர் என்கிறோம். 2018 செப்டம்பரில் இருந்து புதுக் கார் வாங்கும்போது தேர்ட் பார்ட்டியை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓன் டேமேஜை மட்டும் வருடா வருடம் விரும்பிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனி முடிவு செய்வதில்லை, அரசு முடிவு செய்கிறது. 2022 ஜூனில் அறிவித்த விகிதப்படி 1000 சிசி வரையுள்ள காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய், இதோடு ஜிஎஸ்டி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இது ஒன்றேதான். அப்படியானால் ஒரு கம்பெனி இன்னொன்றைவிட நாலாயிரம் குறைத்துத் தருகிறது என்றால் அந்தக் குறைவு முழுக்க ஓன் டேமேஜ் பக்கத்தில்தான் நடந்திருக்க வேண்டும். நிஜமாகவே தள்ளுபடி கொடுத்திருக்கலாம். அல்லது ஐடிவியை, அதாவது வண்டிக்குப் போடுகிற காப்பீட்டு மதிப்பைக் குறைத்திருக்கலாம், ஸீரோ டெப்பை, அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருகிற கூடுதல் கவரை நீக்கியிருக்கலாம், நாம் கேட்காமலே வாலன்டரி டிடக்டிபிள் என்று ஒன்றைச் சேர்த்து ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையில் இருந்து போகிற தொகையைக் கூட்டியிருக்கலாம். ஆகவே இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இல்லாத இரண்டை விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

ஐடிவி என்பது வண்டி திருட்டுப் போனாலோ, சரி செய்யவே முடியாத அளவுக்கு நொறுங்கினாலோ கம்பெனி நமக்குத் தருகிற உச்சத் தொகை. ஷோரூம் விலையில் இருந்து வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள்: ஒரு வருடம் தாண்டி இரண்டு வருடத்துக்குள் என்றால் 20 சதவீதம், நாலு தாண்டி ஐந்துக்குள் 50 சதவீதம். இதை இழுத்துக் குறைத்தால் பிரீமியம் குறையும், ஆனால் குறைகிற பிரீமியம் சில நூறு, நாளைக்கு வண்டி போனால் குறைகிற தொகை சில பத்தாயிரம்.

இணையத்தில் படித்துவிட்டு, வயது குறைவாக இருந்தால் பிரீமியம் பயங்கரமாகக் கூடுமாமே என்று கேட்கிறார்கள். அது பெரும்பாலும் வெளிநாட்டுக் கதை. இங்கே கணக்குப் போடுவது முக்கியமாக வண்டியை வைத்துத்தான், என்ன மாடல், எத்தனை சிசி, எத்தனை வயது, எங்கே பதிவு என்று. சென்னை போன்ற எட்டுப் பெருநகரங்கள் ஒரு மண்டலம், மீதி நாடு முழுக்க இன்னொரு மண்டலம். நாகர்கோவில் டிஎன் 74-உம் மார்த்தாண்டம் டிஎன் 75-உம் அந்த இரண்டாவது மண்டலத்தில் வருகின்றன, அதில் ஓன் டேமேஜ் விகிதம் சற்றுக் குறைவு.

ஆனால் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு வேறொரு இடத்தில் ஓட்டை இருக்கிறது, நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது ரொம்பப் பெரிய ஓட்டை. இங்கே எத்தனையோ வீடுகளில் அப்பாவோ சித்தப்பாவோ வளைகுடாவில் இருப்பார், வண்டி அவர் பெயரில் இருக்கும், ஓட்டுவது இங்கே படிக்கிற பிள்ளை. கட்டாயமாக எடுக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஓனர்-டிரைவருக்கு மட்டும்தான், அதாவது ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓட்டும்போது. பிள்ளை ஓட்டிப் போய் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அந்தப் பதினைந்து லட்சத்தில் இருந்து ஒன்றும் வராது. தேர்ட் பார்ட்டியில் இருந்தும் வராது, ஏனென்றால் ஓனரிடம் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் ஓனரின் இடத்தில் இருக்கிறார், அவர் மூன்றாம் நபர் அல்ல என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. இதற்கு வழி, பாலிசி எடுக்கும்போதே வண்டியில் இருப்பவர்களுக்கான விபத்துக் காப்பீட்டைக் கேட்டுச் சேர்ப்பது, அதில் ஓட்டுகிறவரும் வருகிறாரா என்று எழுத்தில் பார்ப்பது, அல்லது ஓட்டுகிற பிள்ளையின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுப்பது. செலவு பெரிதில்லை. ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். வீட்டில் யார் ஓட்டப் போகிறார்கள் என்று கேட்டுவிட்டு பாலிசி பேசுகிறவரை நம்பலாம்.

சரி, கம்பெனியை எப்படி விசாரிப்பது?

நான் முதலில் போகச் சொல்வது டிங்கரிங், பெயின்டிங் செய்கிற ஒர்க்‌ஷாப்புக்கு. ஷோரூமுக்கோ ஏஜென்ட் வீட்டுக்கோ அல்ல. இடிபட்ட வண்டிகளோடு நாள் முழுக்கக் கிடந்து, எஸ்டிமேட் போட்டு, சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயரை வரவழைத்து, அப்ரூவலுக்குக் காத்திருந்து, கம்பெனியில் இருந்து பணம் வந்ததா வரவில்லையா என்று தினமும் பார்க்கிறவர் அங்கேதான் இருக்கிறார். மார்த்தாண்டம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் எழுதுகிற அண்ணாச்சி இதை எனக்குச் சொன்ன விதம்: "மக்கா, பாலிசி விக்க வாறவன்ட்ட கேட்டா எல்லாம் கெடைக்கும்னுதான் சொல்லுவான். எங்கிட்ட கேளு. எந்தக் கம்பெனி ஆளு போட்டோ அனுப்புன அன்னைக்கே பதில் தருவாரு, யாரு ஒரு வாரம் இழுப்பாரு, யாரு பம்பரை மாத்தாம ஒட்டிக் குடுக்கச் சொல்லுவாருன்னு நான் சொல்லுதேன்." கடைசியாகச் சொன்னது முக்கியம். மாற்ற வேண்டிய பாகத்தை ஒட்டச் சொல்லி எஸ்டிமேட்டைக் குறைப்பது ஒரு பழக்கம். எந்தக் கம்பெனி அதை அதிகம் செய்கிறது என்பது எந்த விளம்பரத்திலும் வராது, ஆனால் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறவருக்கு மனப்பாடம்.

ஒரே இடத்தில் கேட்டு முடிவு செய்யாதீர்கள். சில ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சில கம்பெனிகளோடு ஒப்பந்தம் இருக்கும், அதனால் சாய்வும் இருக்கும். நாகர்கோவிலில் ஒன்று, தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ ஒன்று, முடிந்தால் உங்கள் கார் பிராண்டின் சொந்த சர்வீஸ் சென்டர் ஒன்று என்று கேட்டால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், நல்லபடியாகவும் வரும் கெட்டபடியாகவும் வரும்.

அங்கேயே கேஷ்லெஸ் பற்றியும் கேட்டுவிடுங்கள். கேஷ்லெஸ் என்றால் நாம் முழுப் பில்லையும் கட்டிவிட்டுத் திரும்ப வாங்க வேண்டியதில்லை, கம்பெனி தன் பங்கை ஒர்க்‌ஷாப்புக்கே கொடுத்துவிடும். இணையதளத்தில் ஆயிரக்கணக்கான கேரேஜ் இருப்பதாகப் போட்டிருப்பார்கள். அந்த ஆயிரம் நமக்கு எதற்கு? உங்கள் வீட்டில் இருந்து வண்டியைக் கட்டி இழுத்துப் போகிற தூரத்தில் எத்தனை என்பதுதான் கணக்கு. இன்னொன்று, நம் ஆட்கள் திருவனந்தபுரத்துக்கு ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடிக்கடி போகிறவர்கள், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி ஏதாவது ஆனால் அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் அந்தக் கம்பெனிக்கு இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலிசி இந்தியா முழுக்கச் செல்லும், அதில் சந்தேகம் வேண்டாம், ஆனால் கேஷ்லெஸ் ஒப்பந்தம் ஊருக்கு ஊர் மாறும்.

இரண்டாவது விசாரணை கம்பெனியின் சொந்தக் கணக்கில். ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் இணையதளத்தில் பப்ளிக் டிஸ்க்ளோஷர் என்ற தலைப்பில் விவரங்களை வெளியிட்டே ஆக வேண்டும், எத்தனை க்ளெய்ம் வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை மறுத்தார்கள், எத்தனை நிலுவை, எத்தனை புகார் என்று. விளம்பரத்தில் 98 சதவீதம் என்று ஒரு எண் மட்டும் போடுவார்கள், அதை வைத்து மட்டும் மயங்க வேண்டாம். மூவாயிரம் ரூபாய்க் கண்ணாடி க்ளெய்மும் வண்டியே போன மூன்று லட்ச ரூபாய் க்ளெய்மும் அந்த எண்ணில் ஒன்று ஒன்றுதான். இன்கர்ட் க்ளெய்ம் விகிதம் என்ற இன்னொரு எண்ணும் வரும், அது வாங்கிய பிரீமியத்தில் எவ்வளவு க்ளெய்முக்காகப் போயிற்று என்பது. ரொம்பக் குறைவாக இருந்தால் கம்பெனி கையை இறுக்குகிறது என்று சந்தேகிக்கலாம், நூறைத் தாண்டித் தொடர்ந்து ஓடினால் நாளை பிரீமியத்தை ஏற்றவோ கையை இறுக்கவோ வேண்டி வரும். என் கணிப்பில் ஒரு புதியவர் பார்க்க வேண்டியது நிலுவையும் புகாரும்தான், அதுவும் ஒரு காலாண்டை மட்டும் பார்க்காமல் மூன்று நான்கு காலாண்டுகளை வரிசையாக வைத்து.

அரசுக் கம்பெனியா தனியாரா என்ற கேள்வி எப்போதும் வரும். பொதுக் காப்பீட்டில் நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியன்டல், நேஷனல் என்று நான்கு அரசுக் கம்பெனிகள் வண்டிக்கு இன்சூரன்ஸ் தருகின்றன, யுனைடெட் இந்தியாவின் தலைமையகமே சென்னையில்தான். அரசு என்பதால் வேகம் குறைவு, தனியார் என்பதால் ஏமாற்று என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நேரில் போய் ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடிய கிளை உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறதா என்பதற்கு நான் மதிப்பெண் போடுவேன். எல்லாவற்றையும் செயலியிலேயே முடிக்கிற கம்பெனிகள் சின்ன க்ளெய்மில் வேகமாக இருக்கலாம், பெரிய க்ளெய்மில் பேச ஒரு ஆள் வேண்டும்.

இப்போது ஒரு பில்லைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று வருகிற கோபத்தில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இரண்டரை வயதுக் கார், 1200 சிசி, ஸீரோ டெப் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடசேரிப் பக்கம் முன்னால் போன வண்டி திடீரென்று நிற்க, நாம் போய் முட்டிவிட்டோம். முன் பம்பர் 8,000, ஹெட்லைட் 6,000, பானெட் 10,000, வேலைக்கூலி 5,000, மொத்தம் 29,000 என்று பில் வருகிறது. பெயின்டையும் வரியையும் இப்போதைக்கு விடுவோம். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வயது எதுவானாலும் பாதி கழிப்பார்கள், ஆகவே பம்பரில் 4,000, ஹெட்லைட்டில் 3,000 போயிற்று. இரும்புப் பாகங்களுக்கு வயதுப்படி, இரண்டு தாண்டி மூன்றுக்குள் 15 சதவீதம், பானெட்டில் 1,500. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. கூலியில் கழிவில்லை. கட்டாயக் கழிவு என்று 1500 சிசி வரை ஒவ்வொரு க்ளெய்முக்கும் 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. ஆக நம் கையில் இருந்து 9,500, கம்பெனி தருவது 19,500. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பாலிசியில் எழுதியிருப்பதே இதுதான். ஸீரோ டெப் இருந்திருந்தால் அந்த 8,500 கழிவு நின்றிருக்கும், ஆயிரம் மட்டும் போயிருக்கும். மார்த்தாண்டத்தையும் திங்கள்சந்தையையும் புதுக்கையோடு ஓட்டிக் கடக்கிறவருக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ஸீரோ டெப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வருடத்தில் எத்தனை முறை ஸீரோ டெப்பில் க்ளெய்ம் செய்யலாம் என்று சில கம்பெனிகள் எல்லை வைத்திருக்கின்றன, அதையும் கேளுங்கள்.

அதே சமயம் ஒவ்வொரு கீறலுக்கும் க்ளெய்ம் போடாதீர்கள். ஒரு வருடம் க்ளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதம் குறையும், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. இதுதான் என்சிபி. ஒரு க்ளெய்ம் போட்டால் சாதாரணமாக முழுவதும் பூஜ்யத்துக்குப் போய்விடும். இரண்டாயிரம் ரூபாய் வேலைக்கு க்ளெய்ம் போட்டு நாலாயிரம் ரூபாய்த் தள்ளுபடியை இழந்தவர்கள் உண்டு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் என்சிபி போய்விடும். அப்புறம், என்சிபி ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பழைய வண்டி வாங்கினால் விற்றவரின் என்சிபி உங்களுக்கு வராது, 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். கேஎல் பதிவு வண்டிகள் இங்கே நிறையக் கைமாறுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன், ஆர்சி ஒருவர் பெயரிலும் பாலிசி இன்னொருவர் பெயரிலும் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான க்ளெய்ம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

க்ளெய்ம் மறுக்கப்படுகிற காரணங்களில் பல நம் கையில் இருப்பவை. எல்எல்ஆரை வைத்துக்கொண்டு பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இல்லாமல் தனியாக ஓட்டுவது. போன வருடம் க்ளெய்ம் வாங்கியதை மறைத்து என்சிபி எடுப்பது, இதை ஏஜென்டே பிரீமியம் குறையும் என்று செய்து கொடுப்பதுண்டு, க்ளெய்ம் வரும்போது பழைய கம்பெனியில் விசாரித்து மறுத்துவிடுவார்கள், மாட்டுவது நீங்கள். குடித்துவிட்டு ஓட்டுவது சொல்லவே வேண்டாம். இன்னொன்று இங்கே சர்வசாதாரணம்: சொந்த போர்டு வண்டியை ஏர்போர்ட்டுக்கும் வேளாங்கண்ணிக்கும் வாடகை ஓட்டத்துக்கு அனுப்புவது. தனியார் கார் பாலிசி வாடகைக்குச் செல்லாது. வண்டியில் இருந்தவர் ஒருவர் வாடகை கொடுத்தோம் என்று வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

மழைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் மரங்கள் சாய்ந்ததும், 2021 நவம்பரில் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். புயல், வெள்ளம், மரம் விழுவது, ஏன், தென்னையில் இருந்து தேங்காய் விழுந்து பானெட் நசுங்குவது வரை ஃபுல் கவரில் வரும், வெறும் தேர்ட் பார்ட்டியில் வராது. ஆனால் வெள்ளத்தில் நின்ற வண்டியை சாவி போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்து, தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் கெட்டுப்போனால், அது வெள்ளத்தால் ஆனதல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் ஆனது என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்த்திருந்தால் தப்பிக்கலாம், அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி நிபந்தனை வேறு. எதுவானாலும் தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடாமல் போட்டோ எடுத்து, போன் செய்து, கட்டி இழுக்கச் சொல்லுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் அடிப்பாகம் துருப்பிடிப்பதற்கு எந்த இன்சூரன்ஸும் இல்லை.

போலி பாலிசியும் நடமாடுகிறது, பெரும்பாலும் அவசரத்தில் புகைச் சான்றிதழோடு சேர்த்து ரொம்பக் குறைந்த விலையில் வாங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். பாலிசி எண்ணைக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், சில நாள் கழித்து அரசின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணுக்கு நேராக அதே கம்பெனியும் தேதியும் வருகிறதா என்று பாருங்கள். பணத்தை ஏஜென்டின் சொந்த எண்ணுக்கு அனுப்பாமல் கம்பெனி அனுப்புகிற லிங்க்கில் கட்டுங்கள். ஷோரூமில் எங்களிடம்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி டெலிவரி தாமதமாகும் என்றால் நம்ப வேண்டாம், வெளியில் எடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஷோரூம் பாலிசியில் அதே பிராண்டின் சர்வீஸ் சென்டரில் க்ளெய்ம் சுலபமாக நடக்கும் என்பதும் உண்மை, ஆகவே அவர்கள் கொட்டேஷனை வாங்கி, வெளியில் ஒன்றையும் வாங்கி, மேலே சொன்னபடி ஒப்பிட்டுவிட்டு பேரம் பேசுங்கள். பெரும்பாலும் குறைப்பார்கள்.

விபத்து நடந்துவிட்டால் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது முதல் வேலை, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அடுத்து போலீஸ், அதே நாளில் கம்பெனிக்குத் தகவல். ரோட்டிலேயே நாலு பேர் கூடி ஐயாயிரம் பத்தாயிரம் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொல்வது நம் ஊரில் வழக்கம். ஆளுக்கு அடிபட்ட விஷயத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், கம்பெனிக்குச் சொல்லாமல் தவறை ஒப்புக்கொண்டு பணம் கொடுப்பது பாலிசி நிபந்தனைக்கே விரோதம், பிறகு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்தப் பத்தாயிரம் எந்தக் கணக்கிலும் நிற்காது.

கம்பெனி இழுத்தடித்தால் என்ன செய்வது? ஏஜென்டையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக் கொண்டிருக்காமல், முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மறுத்தால் எந்த நிபந்தனையின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஏதோ ஒரு ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் க்ளெய்மை மறுக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற ஐஆர்டிஏஐ ஆணையம் 2024-இல் சொல்லிவிட்டது. அதே ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது இந்தப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கிற அதிகாரிக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், இணையத்திலேயே மனு கொடுக்கலாம், கம்பெனி மறுத்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். இன்னொரு வழி நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேனிடம் போக முடியாது, அதனால் ஆம்புட்ஸ்மேனிடம் முதலில் போங்கள்.